கஜாவில் அமுங்கிய வண்டியின் டேங்க்: உள்துருவை எடுத்த விதம்

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் எங்கள் கரையில் ஏறியபோது, வாய்மேட்டு வீட்டு மாட்டுக்கொட்டகை அப்படியே அமுங்கியது. மாடுகளை முந்தின நாளே அவிழ்த்துவிட்டிருந்தோம். அப்பாவின் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக் உள்ளேயே இருந்துவிட்டது. பிறகு கீற்றையும் மூங்கிலையும் அள்ளி வண்டியை வெளியே எடுத்துச் சுவரோரம் சாய்த்தோம். அதோடு சரி. தென்னை போன கவலையில் வண்டியை யார் நினைப்பது? போன பங்குனியில்தான் நான் டேங்க் மூடியைத் திறந்தேன். செம்மண்ணைக் கரைத்துப் பூசியது போலிருந்தது உள்ளே. அந்த டேங்க் இன்று வெள்ளி மாதிரி இருக்கிறது. எப்படி என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

துரு முதலில் எங்கே பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. டேங்க் சேணம் மாதிரி பிரேமின் இரண்டு பக்கமும் தொங்குகிறது. பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயான டேப் ஒரு பக்கம்தான். மறுபக்கத்துப் பள்ளத்தில் கடைசிக் கால் லிட்டர் எப்போதும் தங்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது என்பதால் அது போய் உட்காருவதும் அங்கேதான். இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து அடியில் தேங்கிவிடும். எங்கள் ஊர் உப்புக் காற்றைச் சொல்லவே வேண்டாம்.

டேங்கை வண்டியிலிருந்து கழற்றி, பழைய பெட்ரோலை வெட்டவெளியில் ஒரு கேனில் வடித்துவிடுங்கள். டேப் இல்லாத பக்கமாகவும் சாய்த்து வடியுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி எதுவும் கூடாது. காலி டேங்க் என்று அலட்சியம் வேண்டாம். நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். அந்தக் கசடை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கேனை மூடி, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் வெந்நீரும் விட்டு, பெட்ரோல் வாடை போகும்வரை மூன்று நான்கு தடவை குலுக்கிக் கழுவ வேண்டும். எண்ணெய்ப் பசை இருக்கிற இடத்தில் எந்த ஆசிட்டும் துருவைத் தொடாது.

டேப் இரண்டு போல்ட்டில் நிற்கிறது. அதைக் கழற்றிவிட்டு, ஒரு சின்ன இரும்புத் தகட்டில் இரண்டு துளை போட்டு, நடுவில் பழைய சைக்கிள் டியூப் துண்டை வைத்து முடுக்கினேன். சொட்டுக்கூடக் கசியவில்லை. பெயின்ட் மேல் ஆசிட் வழியாமல் இருக்க வாயைச் சுற்றி கிரீஸ் தடவி, ஈரத்துணியைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பெயர்ந்து நிற்கும் துருவை உதிர்க்க வேண்டும். மணலோ ஜல்லியோ போடக் கூடாது, மடிப்புக்குள் போனால் வரவே வராது. நான் 25 நட்டு எண்ணிப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, பழைய பாயில் சுற்றி, திண்ணையில் அரை மணி நேரம் உருட்டினேன். கொட்டியபோது காபித்தூள் போல் இரண்டு கை அள்ளும் அளவுக்கு வந்தது. திரும்ப எண்ணினால் 24. கடைசி ஒன்றுக்காகக் கால் மணி நேரம் டேங்கைக் கவிழ்த்துக் குலுக்கினேன். எண்ணிப் போடுங்கள், எண்ணியே எடுங்கள்.

இனி ஆசிட். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டி.வி.எஸ். 50 டேங்கில் பாத்ரூம் ஆசிட் ஊற்றினேன். புகையோடு பொங்கியது, துரு நிமிஷத்தில் போனது. கூடவே அடித் தையலில் தகடும் போனது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் துருவோடு நிற்காது, நல்ல இரும்பையும் தின்னும். மடிப்பில் தங்கும் குளோரைடு பிறகும் துருவைக் கிளப்பிக்கொண்டே இருக்கும். அந்த டேங்கைக் காப்பாற்ற முடியவில்லை என்பது இன்னும் எனக்கு வருத்தம்தான்.

குத்துவிளக்குக்குப் புளி தேய்க்கிற நமக்குப் புளிக்கரைசல் நினைவுக்கு வரும். அதிலுள்ள டார்டாரிக் அமிலம் துருவையும் கரைக்கும், உண்மை. ஆனால் கடைப் புளியில் உப்பு கலந்திருக்கும், சக்கையும் தங்கிவிடும். டேங்குக்கு வேண்டாம்.

சிட்ரிக் ஆசிட்தான் என் தேர்வு. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். லிட்டருக்கு 80 கிராம் கணக்கில், 10 லிட்டர் வெந்நீரில் 800 கிராம். கொதிநீர் வேண்டாம், கை பொறுக்கும் சூடு போதும். பிளாஸ்டிக் வாளியில் கரைத்து வாய்வரை ஊற்றுங்கள். மேல்பக்கம் நனையாவிட்டால் அங்கே துரு அப்படியே இருக்கும். மூடியை இறுக்காதீர்கள். ஹைட்ரஜன் குமிழி வரும், அது வெளியே போக வேண்டும், கிட்டே நெருப்பும் ஆகாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆட்டிவிட்டேன். மறுநாள் கரைசல் பச்சை கலந்த பழுப்பாகியிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் பக்கச் சுவர் சாம்பல் நிறமாகிவிட்டது, டேப் இல்லாத பள்ளத்தில் மட்டும் துரு பாக்கி. பழையதை வடித்துப் புதுக் கரைசல் ஊற்றி இன்னும் 12 மணி நேரம் விட்டேன். ஒரே கரைசலை நாள்கணக்கில் ஊறப் போடுவதைவிட இது நல்லது.

திருத்துறைப்பூண்டியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் முன்கூட்டியே சொல்லியிருந்தார்: "தங்கச்சி, ஆசிட்டு வேலை தானா நடக்கும். கழுவுனதுக்கு அப்புறம் ஒரு மணி நேரம்தான் உன் வேலை. அந்த நேரத்துல யாரு கூப்புட்டாலும் போவாத." பலருடைய உழைப்பும் வீணாவது இங்கேதான். ஆசிட்டில் சுத்தமான இரும்பு வெறும் உடம்பாக நிற்கிறது; ஈரக் காற்று பட்டால் கண்முன்னே மஞ்சள் படரும். அதனால் ஆசிட்டை வடிக்கும் முன்பே எல்லாவற்றையும் எடுத்து வரிசையாக வையுங்கள்: 200 கிராம் சமையல் சோடா கரைத்த ஒரு வாளித் தண்ணீர், கழுவ நல்ல தண்ணீர், ஹேர் ட்ரையர், அரை லிட்டர் பெட்ரோலில் 100 மில்லி டூ-டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் வண்டிக்கான ஆயில்) கலந்த பாட்டில்.

ஆசிட்டை வடித்ததும் ஒரு அலசு, உடனே சோடாத் தண்ணீர். நுரை பொங்கும், வாய் திறந்தே இருக்கட்டும். பொங்கல் நின்றதும் வடித்து இரண்டு தடவை கழுவுங்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. ஆகவே கடைசி அலசலுக்கு மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை வைத்திருந்தேன், கேன் தண்ணீரும் ஆகும். பிறகு டேங்கைக் கவிழ்த்து உதறி, பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று மோந்து பார்த்துவிட்டு, ட்ரையரை டேப் துளையில் வைத்து ஊதினேன். வாய் வழியே ஈரக்காற்று வெளியே வரும். தகடு கை வைக்க முடியாத அளவு சூடாகி, வருகிற காற்று காய்ந்த காற்றாகும்வரை விடவில்லை. நன்றாக ஆறின பிறகு, ட்ரையரைத் தூரம் வைத்துவிட்டு, ஆயில் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டினேன். டூ ஸ்ட்ரோக் வண்டி என்பதால் அந்த ஆயில் எரிந்துபோகும், கெடுதல் இல்லை. இதையெல்லாம் பங்குனி, சித்திரை வெயிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி அடைமழையில் எந்த ட்ரையரும் உதவாது.

வடித்த ஆசிட்டில் சோடா போட்டு நுரை நின்றபின், கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில் குழி வெட்டி ஊற்றினேன்.

துரு போன பிறகு ஊசித்துளை தெரிந்தால் மனம் உடைய வேண்டாம், துருதான் அதை அடைத்துக்கொண்டிருந்தது. இதை ஆசிட் ஊறும்போதே வெளியில் கசிவு தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பற்றவைக்க ரேடியேட்டர் வேலை பார்ப்பவரிடம் கொடுங்கள். டேங்கில் எந்தக் காலத்திலோ பெட்ரோல் இருந்தது என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள். நீங்களே தீயைக் காட்டாதீர்கள்.

உள்பூச்சு பூசலாமா என்று கேட்பார்கள். தகடு நன்றாக இருந்தால் தேவையில்லை என்பது என் கருத்து. ஈரத்தின் மேல் பூசியது ஒருநாள் தோலுரிந்து கார்புரேட்டரை அடைக்கும்.

வண்டியில் ஏற்றும்போது பெட்ரோல் டியூபைப் புதிதாகப் போட்டு, நடுவே கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் பில்டர் ஒன்று வைத்தேன். கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழற்றிக் கழுவினேன். முதல் வாரம் பில்டரில் லேசாகப் பழுப்புத் தூள், மாற்றினேன். இரண்டாவது பில்டர் வெள்ளையாகவே இருக்கிறது.

மூடியின் ரப்பர் வாஷரையும் பாருங்கள். எங்களுடையது வெடித்துப் போயிருந்தது. கொட்டகை விழுந்த பிறகு அத்தனை மழையும் அதன் வழியாகத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது.