நிறம் மாறினால் மட்டும் போதாது: டி.என்.ஏ.வால் நானோதுகள்களைக் கோக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தங்க நானோதுகள் கரைசல் நல்ல சிவப்பாக இருக்கும். துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் ஊதாவாகி, அப்புறம் நீலமாகும். டி.என்.ஏ. பூட்டிய துகள்களைக் கலந்துவிட்டு, நீலம் வந்ததும் ‘சேர்ந்துவிட்டது’ என்று முடிவு கட்டுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. டி.என்.ஏ. சரியாகப் பிடிக்காத துகள்கள் உப்பு பட்டுத் திரண்டாலும் அதே நீலம்தான் வரும். எது என்று அறிய, கரைசலைச் சூடாக்கிப் பாருங்கள். டி.என்.ஏ. இணைப்பு என்றால் இழைகள் பிரிந்து சிவப்பு திரும்பும். வெறும் திரட்சி என்றால் எவ்வளவு சூடாக்கினாலும் திரும்பாது. பக்கத்திலேயே, ஒன்றோடொன்று பொருந்தாத வரிசைகள் கொண்ட துகள்களையும் கலந்து வையுங்கள். அதுவும் நீலமானால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

டி.என்.ஏ. இழையின் முனையில் தயால் என்ற கந்தகத் தொகுதியைச் சேர்த்தால் அது தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை தனக்குப் பொருந்தும் இழையைத் தேடும். 1996இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாட் மிர்கின் குழுவும் பெர்க்லியில் பால் அலிவிசாட்டோஸ் குழுவும் இப்படித் துகள்களை இணைத்துக் காட்டினார்கள். ஆனால் துகள்கள் படிகம்போல் ஒழுங்காக அடுக்கப்பட்டதை மிர்கின் குழுவும் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஓலெக் காங் குழுவும் காட்டியது 2008இல்தான். ஒட்டவைப்பது ஒன்று, ஒழுங்காக அடுக்குவது வேறு. பல தவறுகளின் வேர் இந்த வேறுபாட்டை மறப்பதில் இருக்கிறது.

இணைப்பு எவ்வளவு பலமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து, ஒட்டுமுனையை, அதாவது அடுத்த துகளின் இழையோடு இணையும் முனைப்பகுதியை, நீளமாக வடிவமைக்கிறார்கள். என் பார்வையில் மிக அதிக விலை கேட்கும் தவறு இது. துகள் முதல் முயற்சியிலேயே சரியான இடத்தில் போய் உட்காராது. தப்பான இடத்தில் ஒட்டி, விட்டு, மறுபடி ஒட்டித்தான் தன் இடத்தைக் கண்டுபிடிக்கும். இணைப்பு பலமாக இருந்தால் தொட்ட இடத்திலேயே சிக்கிக்கொள்ளும். கிடைப்பது படிகம் அல்ல, ஒழுங்கற்ற ஒரு கட்டி. 13 நானோமீட்டர் தங்கத் துகளின் மேல் ஏறத்தாழ நூறு இழைகள் இருக்கும். அத்தனையும் சேர்ந்து இழுப்பதால் நான்கு முதல் எட்டு எழுத்துகள் (டி.என்.ஏ. வரிசையின் அலகுகள்) உள்ள ஒட்டுமுனையே போதும்.

இதே காரணத்தால், உருகும் வெப்பநிலையை, அதாவது இணைந்த இழைகள் பிரியும் வெப்பநிலையை, கணினிக் கணிப்பானில் பார்த்துவிட்டு அதை நம்புவதும் தவறு. கணிப்பான் சொல்வது கரைசலில் தனியாக இருக்கும் இழைகளுக்கானது. துகள்களின் மேல் பல இணைப்புகள் ஒன்றாகச் செயல்படுவதால் உருகும் வெப்பநிலை உயரும். உருகுவதும் சில டிகிரிகளுக்குள்ளேயே சட்டென்று நடந்து முடியும். ஆகவே உங்கள் துகள்கள், உங்கள் உப்பு அளவு, இவற்றை வைத்தே ஒளி உறிஞ்சலை அளந்து அந்த வெப்பநிலையைக் கண்டுபிடியுங்கள்.

அப்புறம் அதற்குச் சற்றுக் கீழே பொறுமையாக வைத்திருக்க வேண்டும், அல்லது மிக மெல்லக் குளிரவிட வேண்டும். 2014இல் நார்த்வெஸ்டர்ன் குழு பத்து நிமிடத்துக்கு 0.1 டிகிரி என்ற வேகத்தில் குளிர்வித்துத்தான் பன்னிரண்டு முகங்கள் கொண்ட தெளிவான ஒற்றைப் படிகங்களைப் பெற்றது. அறை வெப்பநிலையில் கலந்து அப்படியே விட்டுவிட்டுப் படிகம் எதிர்பார்க்கக் கூடாது.

அதற்கு முந்தைய படியான இழை பூட்டுவதிலும் நிறையக் கெடும். வாங்கும் தயால் இழைகள் பெரும்பாலும் இரட்டைக் கந்தகப் பிணைப்பாக மூடித்தான் வரும். டிடிடி போன்ற வேதிப்பொருளால் அதைத் திறக்க வேண்டும். திறந்த பின் டிடிடியை முழுதாக நீக்காமல் தங்கத்தோடு கலந்துவிடுவார்கள். டிடிடியிலும் தயால் உண்டு, அதுவே தங்கத்தின் மேல் இடம் பிடித்துக்கொள்ளும். பூட்டி முடித்த துகள்களிலிருந்துகூட இழைகளை அது கழற்றிவிடும்.

உப்பை ஒரேயடியாகச் சேர்க்காதீர்கள். இழைகளுக்கு இடையே உள்ள விலக்கத்தைக் குறைத்து, அவை நெருக்கமாக உட்கார உப்பு தேவைதான். ஆனால் இழைகள் போதுமான அளவு உட்காரும் முன்பே உப்பு கூடினால் துகள்கள் திரண்டு பாழாகிவிடும், அதை மீட்கவும் முடியாது. சிறிது சிறிதாக, பல மணி நேர இடைவெளியில் ஏற்றுவதே வழக்கமான முறை. அவசரம் என்றால் 2017இல் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலிருந்து வந்த உறையவைக்கும் முறை இருக்கிறது. இழைகளும் துகள்களும் சேர்ந்து உறையும்போது, பனிக்கட்டிப் படிகங்களுக்கு இடையே அவை நெருக்கப்பட்டு வேகமாகப் பூட்டிக்கொள்கின்றன.

தயாலுக்கும் இணையும் வரிசைக்கும் நடுவே இடைவெளித் துண்டு வைக்காமல் விடுவதும் உண்டு. டி.என்.ஏ. எழுத்துகளில் ஒன்றான அடினின் தங்கத்தின் மேல் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும், இழை படுத்துவிடும். இன்னொரு எழுத்தான தைமின் குறைவாக ஒட்டும். பத்து தைமின் கொண்ட துண்டு நல்ல தொடக்கம்.

பூட்டிய பின், ஒட்டாமல் கரைசலில் மிதக்கும் இழைகளைச் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, பலமுறை கழுவி நீக்குங்கள். மிஞ்சியவை ஒட்டுமுனைகளை அடைத்து, இணைப்பையே தடுக்கும். கழுவும் நீரில் சிறிது ட்வீன் 20 என்ற சோப்புபோன்ற பொருளைச் சேர்த்தால் துகள்கள் குழாய்ச் சுவரில் ஒட்டாது.

கடைசியாக, பார்க்கும் முறை. படிகத்தைக் காயவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்தால், நீர் போனதும் இழைகள் சுருங்கி, அடுக்கு சரிந்துவிடும். நல்ல படிகமும் குப்பை போலத் தெரியும். வெறும் தண்ணீரில் கழுவினாலும் உப்பு குறைந்து இணைப்புகள் அவிழும். கரைசலில் இருக்கும்போதே சிறுகோண எக்ஸ்-கதிர் சிதறலால் அளந்தால் துகள்களின் உண்மையான அடுக்கு தெரியும். நுண்ணோக்கிப் படம் வேண்டுமென்றால் முதலில் சிலிக்காவில் பொதிந்து உறுதிப்படுத்திவிட்டு, அதன் பிறகு காயவையுங்கள்.