எக்ஸ் குரோமோசோம் அடங்குவதைக் கயிறும் வலைநூலும் கொண்டு கற்பிப்பது எப்படி?

பன்னிரண்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்கள், கரும்பலகைக்கு முன்பாக மீன் ஏலம் நடக்கும் கரைக்கு மாணவர்களை ஒருமுறை அனுப்பிவைக்கலாம். பாம்பனிலோ மண்டபத்திலோ கறுப்பும் செம்மஞ்சளும் திட்டுத்திட்டாகக் கலந்த பூனை கண்ணில் பட்டால், அது ஏறத்தாழ எப்போதும் பெண்ணாகவே இருக்கும். செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதும், பெண் கருவின் தொடக்க நாட்களில் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ்களில் ஒன்றைச் செயல்படாதபடி அடக்கி, அந்தத் தேர்வைத் தன் வழிவரும் செல்களுக்கெல்லாம் விட்டுச்செல்வதுமே அதற்குக் காரணம். எலிகளின் உரோம நிறத்தைக் கொண்டு 1961-இல் மேரி லயன் முன்வைத்த விளக்கம் இது.

மாணவர் தடுமாறும் இடம் அடுத்து வருகிறது. ஆர்.என்.ஏ. என்றால் உட்கருவை விட்டு வெளியேறிப் புரதம் செய்யச் செய்தி கொண்டுபோவது என்றே அவர்கள் படித்திருக்கிறார்கள். எக்ஸ் அடங்குவதைத் தொடங்கிவைக்கும் எக்சிஸ்ட் என்னும் ஆர்.என்.ஏ.வோ, மனிதரில் ஏறக்குறைய 19,000 நியூக்ளியோடைடுகள் நீளம் இருந்தும் எந்தப் புரதமும் தருவதில்லை. தன்னை உண்டாக்கிய அதே குரோமோசோமின் மீதே படிந்துவிடுகிறது. இதைக் கையால் செய்து பார்த்தால்தான் மனத்தில் நிற்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டு பாக நீளத்தில் (இரு கைகளையும் விரித்த நீளம் ஒரு பாகம்) ஒரே மாதிரியான இரு நைலான் கயிறுகளை இரு எக்ஸ் குரோமோசோம்களாக எடுத்து, கழித்துப்போட்ட வலையின் மிதவைகளை மரபணுக்களாகக் கோத்துக்கொள்ளுங்கள். ஒரு கயிற்றை மேசையில் தாறுமாறாக மடித்து வைத்து, அதன் நடுவே ஓரிடத்தை எக்சிஸ்ட் மரபணுவாகக் குறியுங்கள். வலை பின்னும் நூலை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி, கயிற்றின் நீளத்தில் அடுத்தது எது என்று பாராமல், மடிப்பினால் அந்தக் குறிக்கு அருகே வந்து கிடக்கும் இடங்களில் முதலில் கட்டச் சொல்லுங்கள். எக்சிஸ்ட் பரவத் தொடங்குவதும் அப்படித்தான். ஒரே நீண்ட நூலைச் சுற்றிக் காட்டுவது எளிது என்றாலும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் செல்லில் இருப்பவை தனித்தனியான பல மூலக்கூறுகள். மற்றக் கயிற்றில் ஒரு நூலும் படக்கூடாது.

நூல் தனியாக எதையும் அடக்கிவிடுவதில்லை. அது புரதங்களை வரவழைக்கிறது. ஆகவே ஒவ்வொரு நூலிலும் ஓர் ஈயமணியைக் கோத்து, அதற்கு ஸ்பென் என்று பெயரிடுங்கள்; மரபணுக்களின் படியெடுப்பை நிறுத்துவதில் அந்தப் புரதத்துக்குப் பெரும்பங்கு உண்டு. பின்னர் பாலிகோம்ப் என்னும் புரதங்கள், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் அடையாளம் இடுவதையும், டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகள் சேர்வதையும் சொல்லிக்கொண்டே கயிற்றைப் பந்தாகச் சுருட்டி, வேறொரு கயிற்றால் இறுகக் கட்டுங்கள். சில மிதவைகள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், ஏனெனில் அடங்காமல் தப்பும் மரபணுக்களும் உண்டு. இப்போது நூல்களை அறுத்தெடுத்தாலும் பந்து அவிழாது. முதிர்ந்த செல்லில் எக்சிஸ்டை நீக்கினாலும் பெரும்பாலான மரபணுக்கள் அடங்கியே இருக்கின்றன.

நம் கடலின் ஆவுளியாவுக்கு (கடற்பசுவுக்கு) இது பொருந்துமா என்று மாணவர் கேட்டால், அது நஞ்சுக்கொடியுள்ள பாலூட்டி என்பதால் பொருந்தும் என்று சொல்லுங்கள். அதே கடற்புல்லை மேயும் பேராமைக்கு எக்ஸ் குரோமோசோமே கிடையாது. முட்டை புதைந்த மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவுசெய்கிறது.