இராணுவப் பணியைக் கொண்டு அரசு வீட்டுக் கடன் பெற: வீட்டுக்கு முன்னே சம்பளச் சீட்டைப் பாருங்கள்

பட்டர்வொர்த் விமானப் படைத்தளத்தில் பணியாற்றும் தம்பிமார்கள் வீடு வாங்குவது பற்றிப் பேச வரும்போது, பெரும்பாலும் கையில் ஏதாவது ஒரு மேம்பாட்டு நிறுவனத்தின் வழவழப்பான விளம்பரத் தாளோடுதான் வருகிறார்கள். புக்கிட் மெர்தாஜாமில் இரட்டை மாடி, சிம்பாங் அம்பாட்டில் மூலை வீடு என்று படத்தைக் காட்டுகிறார்கள். நான் அந்தத் தாளை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, கடந்த மூன்று மாதச் சம்பளச் சீட்டைக் கேட்பேன். முகாம் ஒன்றின் சம்பளப் பிரிவில் பல ஆண்டுகள் கெரானியாக (எழுத்தராக) இருந்த பழக்கம் இது. அரசு வீட்டுக் கடனுக்கான தகுதியில் முக்கால் பங்கு அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது என்பதை, வீட்டுக்கு முன்பணம் கட்டிய பிறகு தெரிந்துகொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் மலேசியாவில் இராணுவத்தினருக்கென்று தனியாக ஒரு வீட்டுக் கடன் வாரியம் இல்லை. ஆசிரியர், தாதி, சுங்கத்துறை அதிகாரி ஆகிய எல்லா அரசு ஊழியரையும் போலவே ஆயுதப்படையினரும் எல்.பி.பி.எஸ்.ஏ. எனப்படும் பொதுத்துறை வீட்டு நிதி வாரியத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். முன்பு நிதியமைச்சின் ஒரு பிரிவாக இருந்த இந்தச் சேவை, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகத் தனி வாரியமாக்கப்பட்டு 2016 ஜனவரி 1 முதல் இயங்கி வருகிறது. மூத்தவர்கள் இன்றும் இதைப் பழைய வழக்கப்படி ‘அரசாங்க லோன்’ என்றுதான் சொல்கிறார்கள்.

இதன் சிறப்பு இரண்டு. ஒன்று, வட்டி போலக் கட்டும் நிதி விகிதம் ஆண்டுக்கு 4 விழுக்காடு என்று நிலையாக இருப்பது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விகிதம் ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் மாதத் தவணை அசையாது. மற்றொன்று, உங்கள் தகுதி இடம் கொடுத்தால் வீட்டின் விலை முழுவதற்கும் கடன் கிடைக்கக்கூடும் என்பது. வங்கிகள் பொதுவாக 90 விழுக்காட்டோடு நிறுத்திக்கொள்ளும் நிலையில், 350,000 ரிங்கிட் வீட்டுக்கு 35,000 ரிங்கிட்டைப் புரட்ட முடியாத ஒரு கோப்ரலுக்கு இது சாதாரண சலுகை அல்ல.

யாருக்குத் தகுதி

மலேசியக் குடிமகனாக இருக்க வேண்டும். நிரந்தரப் பணியில் சேர்ந்து, குறைந்தது ஓராண்டு பணியாற்றி, பணி உறுதிப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். திவாலானவராக அறிவிக்கப்பட்டிருக்கக் கூடாது. ஒழுங்கு நடவடிக்கை எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது. சீருடை அணிந்த எல்லாரும் இதில் அடங்குவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வார இறுதியில் பயிற்சிக்குப் போகும் வத்தானியா தொண்டூழியப் படையினருக்கு அந்தச் சேவை மட்டும் தகுதியைத் தராது. அவர் பகலில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தால், அந்த ஆசிரியர் பணியே அவருக்குத் தகுதி தரும். 2025இல் மீண்டும் தொடங்கிய 45 நாள் தேசிய சேவைப் பயிற்சியும் அப்படித்தான். அதை முடித்த பிள்ளைகளின் பெற்றோர் சிலர் இதைப் பற்றி என்னிடம் கேட்டதால் சொல்கிறேன்.

சம்பளச் சீட்டைப் படிப்பது

இனி சம்பளச் சீட்டுக்கு வருவோம். சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும் எல்லாத் தொகைகளும் சேர்ந்து 60 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. எல்லாம் போக 40 விழுக்காடாவது கைக்கு வர வேண்டும். இந்த வரம்புக்குள் இன்னும் எவ்வளவு இடம் மிச்சமிருக்கிறதோ அதுதான் உங்கள் வீட்டுத் தவணைக்கான இடம். அது குறைவாக இருந்தால், எவ்வளவு நல்ல பணிப் பதிவு இருந்தாலும் பெரிய தொகை கிடைக்காது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும் சம்பளமும் நிலையான படிகளும் சேர்ந்து மாதம் 3,400 ரிங்கிட் என்று வையுங்கள். 60 விழுக்காடு என்றால் 2,040. சீட்டில் ஏற்கெனவே மற்றப் பிடித்தங்கள் 350 ரிங்கிட், கூட்டுறவுச் சங்கங்களின் அமைப்பான அங்காசா வழியாகப் போகும் கொப்பராசிக் (கூட்டுறவு) கடன் 700 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால் மிச்சமிருப்பது 990 ரிங்கிட். நான்கு விழுக்காட்டில், 35 ஆண்டு தவணைக்கு, 990 ரிங்கிட் தாங்கக்கூடிய கடன் ஏறத்தாழ 223,000 ரிங்கிட். அந்தக் கொப்பராசிக் கடனை அடைத்துவிட்டு அதே ஆள் அதே சம்பளத்தோடு விண்ணப்பித்தால் 1,690 ரிங்கிட் இடம் கிடைக்கும். அது தாங்கும் கடன் 380,000 ரிங்கிட்டுக்குச் சற்று மேல். கல்யாணச் செலவுக்கோ மோட்டார் சைக்கிளுக்கோ எடுத்த ஒரு கடன், ஒன்றரை லட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் வீட்டுத் தகுதியை விழுங்கிவிடுகிறது என்பதைக் காகிதத்தில் எழுதிக் காட்டும்போதுதான் பலருக்கு உறைக்கிறது. ஒரு தம்பி அந்த இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அண்ணே, அப்ப நான் இவ்வளவு நாளா வீட்டோட ஒரு மாடியைத்தான் தின்னுக்கிட்டு இருந்தேனா?” என்றார்.

ஆகவே வீடு வாங்க எண்ணம் இருந்தால், ஓராண்டுக்கு முன்பே புதுக் கடன் எதையும் எடுக்காமல், இருப்பதில் சிறியதை முதலில் அடைத்து, அந்தப் பிடித்தம் சீட்டிலிருந்து உண்மையிலேயே நீங்கிவிட்டதா என்று பாருங்கள். கடனை அடைத்த ரசீது கையில் இருந்தும், பிடித்தம் அடுத்த இரண்டு மாதச் சீட்டிலும் தொடர்வது உண்டு. அது நீங்கும்வரை உங்கள் தகுதி பழைய எண்ணிலேயே நிற்கும். கணவன் மனைவி இருவரும் அரசு ஊழியராக இருந்தால் கூட்டாக விண்ணப்பிக்கலாம். ஆனால் இருவர் பெயரிலும் கடன் ஏறும் என்பதால், பிற்பாடு இரண்டாவது வீட்டை நினைக்கிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எத்தனை ஆண்டு

கடனை 35 ஆண்டு வரை நீட்டலாம். நீட்ட முடியும் என்பதற்காக நீட்ட வேண்டியதில்லை. 300,000 ரிங்கிட் கடனுக்கு 35 ஆண்டில் மாதத் தவணை ஏறத்தாழ 1,328 ரிங்கிட், 30 ஆண்டில் 1,432 ரிங்கிட், 20 ஆண்டில் 1,818 ரிங்கிட். மொத்தமாகக் கட்டுவதைப் பார்த்தால் 35 ஆண்டுக்கு ஏறத்தாழ 558,000 ரிங்கிட்டும் 20 ஆண்டுக்கு 436,000 ரிங்கிட்டும் வரும்.

இராணுவத்தினர் இங்கே மற்ற அரசு ஊழியர்களைவிட ஒரு படி கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியர் ஒருவர் அறுபது வயது வரை முழுச் சம்பளம் வாங்குவார். படையில் அதிகாரி அல்லாத மற்ற நிலையினர் பலர் 21 ஆண்டு சேவையை முடித்துக்கொண்டு நாற்பதைத் தொட்ட வயதிலேயே வெளியே வந்துவிடுகிறார்கள். அப்போது தவணை ஓய்வூதியத்திலிருந்து போகும். ஓய்வூதியமோ சம்பளத்தைவிட வெகுவாகக் குறைவு. 28 வயதில் 35 ஆண்டுக் கடன் எடுத்தவர், இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஓய்வூதியத்திலிருந்தே தவணை கட்ட வேண்டியிருக்கும். ஓய்வூதியத் தகுதி கிடைக்குமுன் பணியை விட்டுவிட்டால், மாதாமாதம் தானே நேரில் கட்ட வேண்டும். சேவை ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அதை நீட்டிக்கும் எண்ணம் இருக்கிறதா என்பதை வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகே தவணைக் காலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எல்.டி.ஏ.டி. எனப்படும் ஆயுதப்படை நிதியும் இருக்கிறது. 1972இல் தொடங்கப்பட்ட இந்நிதிக்கு மற்ற நிலையினர் கட்டாயமாகச் சந்தா செலுத்துகிறார்கள். வீடு வாங்குவதற்காக அதிலிருந்து ஒரு பகுதியை எடுக்க விண்ணப்பிக்கலாம். ஆனால் வழக்கறிஞர் கட்டணத்துக்கும் தளவாடத்துக்கும் அதைக் கரைப்பதைவிட, ஓய்வு பெறும் நாளில் கடனின் ஒரு பகுதியை அடைக்க வைத்திருப்பது நல்லது என்பது என் தனிப்பட்ட கருத்து. என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை.

எந்த வீடு

கட்டி முடிந்த வீட்டை வாங்க, கட்டப்பட்டு வரும் வீட்டை வாங்க, சொந்த நிலத்தில் வீடு கட்ட, வீட்டு நிலம் வாங்க, வங்கியில் இருக்கும் வீட்டுக் கடனை அடைத்து இங்கே மாற்ற, இருக்கும் வீட்டைப் புதுப்பிக்க என்று வாரியம் பல வகைகளில் நிதி தருகிறது. நம்மவர்கள் பெரும்பாலும் முதல் இரண்டில்தான் வருகிறார்கள்.

கட்டப்பட்டு வரும் வீடு என்றால், 1966ஆம் ஆண்டு வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் உள்ள வழக்கமான ஒப்பந்தத்தில் தரை வீட்டுக்கு 24 மாதமும் அடுக்குமாடிக்கு 36 மாதமும் காலக்கெடு இருக்கும். முதல் பிடித்தம் எந்த மாதச் சம்பளத்தில் தொடங்குகிறது என்று ஒப்புதல் கடிதத்தில் தேடிப் படியுங்கள். வீட்டுச் சாவி வருமுன் தவணை தொடங்கினால் வாடகையும் தவணையும் ஒன்றாக இடிக்கும்.

ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் வீட்டை வாங்குவதில்தான் சிக்கல் கூடுதல். வீட்டின் மதிப்பை மதிப்பீட்டுத் துறை பார்க்கும். பேசிய விலை, மதிப்பிட்ட விலை ஆகிய இரண்டில் குறைவானதுதான் கணக்கு. பாகான் ஆஜாமில் ஒரு பழைய தரை வீட்டுக்கு 320,000 ரிங்கிட் என்று பேசி, மதிப்பீடு 290,000 என்று வந்தால், மீதி 30,000 உங்கள் பையிலிருந்து போக வேண்டும். அரசுக் கடனுக்கு வங்கியைவிட நாள் அதிகமாகும் என்பதால் சில விற்பனையாளர்கள் முகம் சுளிப்பார்கள். விலையைக் கட்டி முடிக்க வழக்கமாகத் தரும் மூன்று மாதம், அதற்கு மேல் ஒரு மாதம் என்ற கெடு போதாது. கூடுதல் அவகாசமும், கடன் மறுக்கப்பட்டால் முன்பணம் திரும்பும் என்ற வாசகமும் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும் என்று கையெழுத்துக்கு முன்பே வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். பிறகு சொல்லிப் பயனில்லை.

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் புதிய திட்டங்களில் பூமிபுத்ரா (மலாய்க்காரர், பிற பூர்வகுடியினர்) ஒதுக்கீட்டு வீடுகள் இருக்கும். விற்பனை முகவர் அதைச் சொல்ல மறந்துவிடலாம். எத்தனை ஆண்டு படையில் இருந்தாலும் அந்த வீட்டுக்கு இந்தியர் பெயரில் மாற்றம் எளிதில் நடக்காது. வீட்டு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். குத்தகை நிலமாக இருந்தால் மாநில அரசின் அனுமதிக்கும் தனியாக நாள் கூட்டிக்கொள்ள வேண்டும்.

பத்திரங்களும் பெயரும்

அடையாள அட்டை நகல், பணி உறுதிப்படுத்திய கடிதம், அண்மைய சம்பளச் சீட்டுகள், விற்பனை ஒப்பந்தம், நிலத்தின் கெரான் (உரிமைப் பத்திரம்) நகல் ஆகியவை அடிப்படை. விண்ணப்பத்தைத் துறைத் தலைவர் உறுதிப்படுத்த வேண்டும். நமக்கு அது முகாமின் கட்டளை அதிகாரி. கடற்படையிலோ எல்லைப் பணியிலோ இருப்பவர்கள் புறப்படுமுன் அந்தக் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்.

இங்கே தமிழர்களுக்கு அடிக்கடி வரும் ஒரு தொல்லை உண்டு. ஆயுதப்படையின் மைதெந்தெரா அட்டையில் இராணுவ எண்ணும் அடையாள எண்ணும் இருக்கும். ஆனால் பெயர் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. என் விண்ணப்பத்தில், ஒரு தாளில் என் பெயருக்கும் அப்பாவின் பெயருக்கும் நடுவில் ‘ஏ/எல்’, இன்னொன்றில் ‘எஸ்/ஓ’ (இரண்டும் ‘மகன்’ என்பதன் சுருக்கம்), மூன்றாவதில் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்துக் குறைவு. விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது. சத்தியப் பிரமாணத் தாளில் மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று எழுதி, சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்திட்டு, மறுபடி வரிசையில் நிற்க இரண்டு மாதம் ஓடியது. அதற்குள் விற்பனையாளர் விலையை ஏற்றிவிட்டார். எல்லாத் தாள்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பத்து நிமிட வேலை.

கடனோடு, கடன் மிச்சத்தைக் காக்கும் தக்காஃபுலும் (இஸ்லாமிய முறைக் காப்புறுதி) வீட்டுக்கான தக்காஃபுலும் எடுக்க வேண்டும். முத்திரை வரி முதல் 100,000 ரிங்கிட்டுக்கு 1 விழுக்காடு, அடுத்து 500,000 வரை 2 விழுக்காடு. 350,000 ரிங்கிட் வீட்டுக்கு 6,000 ரிங்கிட். முதல் வீடாக இருந்து விலை 500,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், 2027 டிசம்பர் 31 வரை கையெழுத்தாகும் ஒப்பந்தங்களுக்கு இந்த வரி விலக்கு உண்டு. வழக்கறிஞரின் செலவுப் பட்டியலில் இந்த விலக்கு கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே ஓய்வு பெற்று, ஓய்வூதியமும் இல்லாமல், வாடகைக் காரோ பாதுகாவலர் வேலையோ பார்க்கும் முன்னாள் படையினர் மனம் தளர வேண்டாம். அவர்களுக்கு எஸ்.ஜே.கே.பி. எனப்படும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கிறது. பணம் தருவது வங்கி. நிலையான சம்பளச் சீட்டு இல்லாதவருக்காக 500,000 ரிங்கிட் வரை அரசு உத்தரவாதம் நிற்கிறது. ஆறு மாத வங்கிக் கணக்கு வரவு ஒழுங்காக இருந்தால் பேச்சைத் தொடங்கலாம்; ஆகவே கையில் வாங்கும் காசை அன்றன்றே கணக்கில் போட்டுவையுங்கள்.

கடைசித் தவணை கட்டிய பிறகு செய்ய வேண்டிய ஒன்றைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கடன் எடுத்தபோது 16ஏ படிவத்தால் உங்கள் கெரானில் ஓர் அடமானம் பதியப்பட்டிருக்கும். பிடித்தம் நின்றுவிட்டதால் மட்டும் அது தானாக நீங்காது. விடுவிப்புக்கான 16என் படிவத்தை வாரியத்திடமிருந்து கையெழுத்தோடு வாங்கி, நில அலுவலகத்தில் பதிந்து, உங்கள் பெயருக்குக் கீழே அந்த அடமான வரி நீங்கிய கெரானைக் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.