ஊருக்கு வந்தால் காசிமேடு: மீன் வாங்கிப் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு செய்முறை

வேலை பெங்களூரில், வீடு தண்டையார்பேட்டையில். லீவுக்கு வந்து இறங்கினால் மறுநாள் விடிகாலை வடசென்னை மீன்பிடித் துறைமுகமான காசிமேடு போய் மீன் வாங்கி, அத்தை, சித்தப்பா, பழைய தெருப் பசங்க எல்லோரையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிடுவேன். இதைப் பார்த்து வெளியூரில் இருக்கும் நண்பர்கள் பலர் "எங்களுக்கும் சொல்லு, போனா ஏமாத்திடறாங்க" என்று கேட்டதால் இந்தப் பதிவு. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்ன சமைப்பது என்று வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு மீன் வாங்கப் போகாதீர்கள். அன்றைக்கு என்ன வந்திருக்கிறதோ அதுதான் சமையல். பாதிப் பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

1. நாள் பார்ப்பது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் நீட்டினார்கள். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. சின்ன ஃபைபர் போட்டுகள் (கண்ணாடியிழைப் படகுகள்) மட்டும் போகும், அதனால் சின்ன மீன் கிடைக்கும், விலையும் ஏறிக் கிடக்கும். கோடை விடுமுறை சரியாக இதற்குள் மாட்டிக்கொள்வது நம் தலைவிதி. மேற்குக் கடற்கரையில் தடை ஜூன் 1-இல்தான் தொடங்குகிறது, அதனால் மே மாதம் இங்கே விற்கும் பெரிய மீனில் கணிசமானது கேரளாப் பக்கத்திலிருந்து ஐஸில் வந்ததாக இருக்கும். கெட்ட மீன் என்று சொல்லவில்லை. ஆனால் அதற்காக விடிகாலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை, தெருமுனைக் கடையிலேயே வாங்கலாம்.

வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது, விலையும் கூட. முடிந்தால் வேறு நாள் போங்கள். புரட்டாசியில் வந்தால் யோகம். ஊரில் பாதிப் பேர் கவுச்சி தொடமாட்டார்கள், பேரம் பேசாமலே விலை இறங்கி வரும்.

2. கிளம்புவதற்கு முன்

எத்தனை பேர் சாப்பிடப் போகிறார்கள் என்று எண்ணுங்கள். பத்துப் பேருக்குக் குழம்பு, வறுவல், தொக்கு மூன்றும் வேண்டும் என்றால் முழு மீனும் எறாவுமாக (இறால்) சேர்த்து மூன்றரைக் கிலோ போதும். தலை, குடல், செதில் எல்லாம் கழிந்தால் மீனில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் நிற்கும், தலையோடு வாங்கும் எறாவில் ஏறக்குறைய பாதிதான் தேறும். வருகிறவர்களில் யாருக்காவது எறா, நண்டு ஒத்துக்கொள்ளாதா என்று முந்தின நாளே கேட்டுவிடுங்கள். அது விளையாட்டுச் சமாச்சாரம் இல்லை.

மூடி போட்ட பக்கெட் ஒன்று, இரண்டு நைலான் பை, பழைய ரப்பர் செருப்பு, சில்லறையாகக் கொஞ்சம் பணம். புதுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் திரும்பும்போது அதுவும் மீனாகிவிடும். மெட்ரோவில் வருகிறவர்கள் புது வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். ஏலம் நடு ராத்திரி தாண்டியே தொடங்கிவிடும், நம்மைப் போல் வீட்டுக்கு வாங்குகிறவர்கள் ஐந்து, ஐந்தரைக்குப் போனால் சரி.

3. எந்தப் போட்டு என்று கேட்பது

இதுதான் முக்கியம். பெரிய விசைப்படகு, லாஞ்சு என்போமே, அது போனால் பல நாள் கடலில் தங்கும். பிடித்த மீனை ஐஸ் போட்டு வைத்துத்தான் கரைக்குக் கொண்டுவர முடியும். ஃபைபர் போட்டு ராத்திரி போய்க் காலையில் திரும்பிவிடும். அப்படியென்றால் பளபளவென்று கிடக்கும் நாலு கிலோ வஞ்சிரம் ஒரு வாரம் ஐஸில் படுத்திருந்ததாக இருக்கலாம், பக்கத்தில் கூறு கட்டி வைத்திருக்கும் நெத்திலியும் கவளையும் இரண்டு மணி நேரத்துக்கு முன் துள்ளிக்கொண்டிருந்ததாக இருக்கலாம். புதுசாக வாங்குகிறவர்கள் நேராக வஞ்சிரத்துக்குப் போவார்கள், நான் நெத்திலிக்குப் போவேன். "எக்கா, இது ஃபைபர் மீனா, லாஞ்சு மீனா?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவன் என்று பார்த்தாலே பேச்சு மாறிவிடும்.

4. கையில் எடுத்துப் பார்ப்பது

செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பேறியிருந்தால் வைத்துவிடுங்கள். கண் முட்டிக்கொண்டு தெளிவாக இருக்கட்டும். வயிற்றுப் பக்கம் விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே எழும்ப வேண்டும். கடல் வாசம் வரலாம், நாற்றம் வரக் கூடாது. எறாவுக்குத் தலை உடம்போடு இறுக்கமாக ஒட்டியிருக்க வேண்டும், தலை கறுத்திருந்தால் வேண்டாம். நண்டு உயிரோடு இருப்பதாகப் பாருங்கள், கையில் எடுத்தால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும். லேசாக இருந்தால் உள்ளே தண்ணீர்தான்.

துண்டு போட்டு அடுக்கியிருக்கும் மீனில் செவுளும் இல்லை, கண்ணும் இல்லை, எதைப் பார்ப்பீர்கள்? முதல் தடவை தனியாகப் போனபோது நான் செய்த வேலை அதுதான். தண்ணீர் தெளித்து மினுமினுவென்று இருந்த வஞ்சிரத் துண்டு ஒன்றரைக் கிலோ, ஒன்பது மணி வெயிலில். கல்லில் போட்டதும் ஒவ்வொரு துண்டும் உதிர்ந்து போயிற்று. எங்கள் ஆயா கரண்டியால் ஒரு கிளறு கிளறிவிட்டு, "மீன் வாங்கினு வாடான்னா மாவு வாங்கினு வந்துகிறான் பாரு" என்றார். இன்றைக்கும் வீட்டில் என் பெயர் மாவுதான். துண்டு வேண்டுமென்றால் முழு மீனைப் பார்த்து எடுத்து, உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள்.

குழம்புக்குச் சங்கரா, வறுவலுக்கு நெத்திலி அல்லது வவ்வால், புட்டுக்குப் பால் சுறா, தொக்குக்கு எறா. ஆரம்பத்துக்கு இது போதும். சங்கரா இல்லாத அன்றைக்குப் பாறை எடுத்துக்கொள்ளுங்கள், உலகம் அழிந்துவிடாது.

5. வெட்டுவதும் வீடு சேர்வதும்

அரிவாள்மணையோடு உட்கார்ந்திருக்கும் அக்காமார்களிடம் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு செதில் உரசி, குடல் எடுத்து, வேண்டிய அளவில் துண்டு போட்டுத் தருவார்கள். குழம்புக்கா, வறுவலுக்கா என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தலையை மறக்காமல் கேட்டு வாங்குங்கள், குழம்பில் ருசியே அதில்தான்.

அங்கேயே ஐஸ் வாங்கி, பக்கெட்டில் ஐஸ், மீன், ஐஸ் என்று அடுக்கி மூடுங்கள். பத்து நிமிடத்தில் வீடு வந்துவிடும் என்றாலும் செய்யுங்கள். ஏனென்றால் கானாங்கத்தை, வஞ்சிரம், சூரை, கவளை மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். கொதிக்க வைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் தடித்தால் "மீன் சேரலை" என்போம், பல நேரம் சேராதது மீன் இல்லை, அது வெயிலில் கிடந்த நேரம். பக்கெட்டை ஆட்டோவில் வைத்துவிட்டு டீ குடித்துக் கதை பேசப் போகாதீர்கள்.

6. சமையல்

நெத்திலியை நாமே ஆய்ந்துவிடலாம். தலையை இரண்டு விரலால் கிள்ளிக் கீழ்ப்பக்கமாக இழுத்தால் குடலும் கூடவே வந்துவிடும். கல் உப்பு போட்டு உரசி மூன்று தண்ணீரில் அலசுங்கள். சுற்றி நாலு பேரை உட்கார வைத்தால் ஒரு கிலோ அரை மணி நேரத்தில் முடியும், ஊர்க் கதை முழுக்க அந்த அரை மணியில்தான் வெளியே வரும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, இஞ்சி பூண்டு விழுது, கொஞ்சம் அரிசி மாவு, எலுமிச்சைச் சாறு பிசறி இருபது நிமிடம் வைத்து, பந்திக்குச் சற்று முன் பொரியுங்கள். முன்னாலேயே பொரித்து வைத்தால் வதங்கிவிடும், அதற்குள் பாதி காணாமலும் போயிருக்கும்.

குழம்பை முதலில் வைத்துவிட வேண்டும். ஒன்றரைக் கிலோ சங்கராவுக்கு மண்சட்டியில் தாராளமாக நல்லெண்ணெய், வெந்தயம், கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, கறிவேப்பிலை, நாலு தக்காளி. எல்லாம் குழைய வதங்கியதும் மெஷினில் அரைத்த குழம்பு மிளகாய்த்தூள் நாலு மேசைக்கரண்டி, அப்புறம் பெரிய எலுமிச்சை அளவு புளியின் கரைசல், உப்பு. எண்ணெய் மேலே பிரிந்து நிற்கும் வரை கொதிக்கட்டும். அவசரக்காரர்கள் கோட்டை விடுவது இங்கேதான், பச்சைக் குழம்பில் மீனைப் போட்டால் கடைசிவரை பச்சை வாடை போகாது. பிறகு மீனைப் போட்டு ஏழு நிமிடம். கரண்டி போடாதீர்கள், சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால் போதும். மாங்காய் கிடைத்தால் மீனுக்கு முன்னால் நாலு கீற்றுப் போடுங்கள். இறக்கி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள்.

எறாவுக்கு முதுகில் ஓடும் கறுப்பு நரம்பை எடுத்துவிட்டு, தொக்கு மசாலா தயாரானதும் கடைசியில் போடுங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்தால் ரப்பர். கடம்பா (கணவாய்) கிடைத்தால் இரண்டு மூன்று நிமிடம் வதக்கி இறக்க வேண்டும், இல்லையென்றால் அரை மணி நேரம் மூடி வேகவைக்க வேண்டும். நடுவில் எங்கே நிறுத்தினாலும் பல்தான் வலிக்கும்.

7. மிச்சமும் கருவாடும்

குழம்பில் ஒரு சின்னச் சட்டி அளவு எடுத்து, ஆறியதும் ஃபிரிட்ஜில் ஒளித்து வையுங்கள். மறுநாள் காலை நன்றாகக் கொதிக்கவைத்து இட்லியோடு சாப்பிட்டால் முந்தின நாள் விருந்தே ஒத்திகைதானோ என்று தோன்றும்.

திரும்பிப் போகும்போது பச்சை மீன் கொண்டுபோக ஆசைப்பட வேண்டாம், கருவாடு போதும். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் கவரில் போட்டு, மேலே இறுக்கமான டப்பாவில் வைத்து மூடுங்கள். போன வருஷம் நான் ஒரே கவரில் கட்டி ஏசி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். வேலூர் தாண்டுவதற்குள் டிரைவர் அண்ணன் விளக்கைப் போட்டு, "யாருப்பா கருவாடு வச்சிக்கிறது?" என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.