விண்வெளிச் சூரிய மின்சாரம் நடக்குமா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

விண்வெளியில் சூரிய ஒளியைப் பிடித்து மைக்ரோவேவாகப் பூமிக்கு அனுப்பும் திட்டம் எதைப் படித்தாலும், அது தேறுமா தேறாதா என்று கால் மணி நேரத்தில் நீங்களே எடை போட்டுவிடலாம். கால்குலேட்டர் போதும்.

எல்லாரும் சூரியத் தகட்டில் தொடங்குவார்கள். நீங்கள் ஆன்டெனாவில் தொடங்குங்கள். எவ்வளவு குவித்து அனுப்பினாலும் அலை போகப் போக விரியும், அதைத் தடுக்கவே முடியாது. அலைநீளத்தைத் தூரத்தால் பெருக்கி, அனுப்பும் ஆன்டெனாவின் விட்டத்தால் வகுத்து, 2.44ஆல் பெருக்குங்கள் (எல்லாமே மீட்டரில்). தரையில் கற்றை விழும் வட்டத்தின் விட்டம் வந்துவிடும். 2.45 கிகாஹெர்ட்ஸ் என்றால் அலைநீளம் சுமார் 0.122 மீட்டர், புவிநிலைச் சுற்றுப்பாதை (செயற்கைக்கோள் பூமியில் ஒரே இடத்துக்கு மேலேயே நிற்கும் பாதை) 35,786 கிலோமீட்டர் உயரம், ஆன்டெனா 1 கிலோமீட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 10.7 கிலோமீட்டர் வருகிறது. 1970களின் இறுதியில் நாசாவும் அமெரிக்க எரிசக்தித் துறையும் போட்ட மாதிரித் திட்டத்தில் தரை நிலையம் 10க்கு 13 கிலோமீட்டர் என்று இருந்தது சும்மா இல்லை.

ஆன்டெனாவைப் பாதியாக்கினால் வட்டம் இரண்டு மடங்காகும். அதனால் அந்த உயரத்தில் "முதலில் சின்னதாக ஒன்று" என்ற பேச்சே எடுபடாது. 5.8 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினால் வட்டம் சுமார் 4.5 கிலோமீட்டராகச் சுருங்கும், நல்லதுதான். 500 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கினால் 100 மீட்டர் ஆன்டெனாவே போதும், ஆனால் செயற்கைக்கோள் சில நிமிடங்களில் தலைக்கு மேலே கடந்து போய்விடும். சரி, சின்னச் சின்ன ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தினால்? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. வட்டம் சுருங்கும், ஆனால் சக்தியில் பெரும்பகுதி வட்டத்துக்கு வெளியே சிதறிவிடும்.

அப்புறம்தான் தகடு. அங்கே சதுர மீட்டருக்கு 1,361 வாட் ஒளி, 30 சதவீதத் திறன் என்றால் சுமார் 408 வாட் மின்சாரம். மைக்ரோவேவாக மாற்றும்போது 0.8, தரையில் பிடிபடுவது 0.9, திரும்ப மின்சாரமாக்கும் ரெக்டெனாவில் 0.85 (இது ஆன்டெனாவும் டயோடும் சேர்ந்த அமைப்பு) என்று நான் தாராளமாகவே வைத்துக்கொள்வேன். பெருக்கினால் ஏறக்குறைய 0.6. ஆக, தரையில் 1 கிகாவாட் வேண்டுமென்றால் மேலே 4 சதுர கிலோமீட்டர் தகடு.

கற்றை ஆளைப் பொசுக்கிவிடுமோ என்ற பயத்துக்கும் எண் இருக்கிறது. அந்த 5 கிகாவாட் மாதிரித் திட்டத்தில் வட்டத்தின் நடுவிலேயே சதுர மீட்டருக்கு 230 வாட்தான், உச்சி வெயிலில் கால் பங்கு. ஆனால் பொதுமக்களுக்கான சர்வதேசப் பரிந்துரை வரம்பு 10 வாட், எனவே வேலி கட்டாயம். கற்றை விலகாமலிருக்கத் தரையிலிருந்து வழிகாட்டிச் சமிக்ஞை மேலே போகும், அது நின்றால் கற்றை குவியாமல் பரவிவிடும்படி அமைப்பார்கள்.

கடைசியாக, "சாதனை" என்று செய்தி வந்தால் முதலில் தூரத்தைத் தேடுங்கள். 1975இல் கலிஃபோர்னியாவில் உள்ள நாசாவின் கோல்ட்ஸ்டோன் நிலையத்தில், தரையிலேயே 1.5 கிலோமீட்டர் தாண்டி 30 கிலோவாட்டுக்கு மேல் எடுத்துக் காட்டினார்கள். 2023இல் கால்டெக் (கலிஃபோர்னியா தொழில்நுட்பக் கழகம்) விண்வெளியில் செய்து காட்டியதில், எல்இடி விளக்கை எரிய வைத்த ஏற்பி இருந்த தூரம் சுமார் 30 சென்டிமீட்டர்.