நெல்லைல சின்னதா ஒரு மேக்கர் ஸ்பேஸ் போடணும்னா

பாளையங்கோட்டைலயோ டவுன்லயோ ஒரு ரூம் எடுத்து மேக்கர் ஸ்பேஸும் (மெஷின் வச்சி, வர்றவங்களே சாமான் செஞ்சி பாக்குற பட்டறை) கடையும் ஒண்ணா போடலாம்னு நினைக்கிறவங்களுக்கு மொதல்லயே சொல்லுதேன், 3டி பிரிண்டர் (பிளாஸ்டிக்க உருக்கி அடுக்கடுக்கா சாமான் செய்யுற மெஷின்) வித்து வாடகை கட்டிரலாம்னு கணக்கு போடாதீங்க. மெஷின ஆன்லைன்லதான் வாங்குதாங்க, ஆனா ராத்திரி நாசில், அதான் உருகுன பிளாஸ்டிக் வர்ற மூக்கு, அடைச்சிக்கிச்சுன்னா காலைல நம்மகிட்டதான் வந்து நிப்பாங்க. அதனால 0.4 மிமீ நாசில், டெஃப்லான் டியூப், சூடு அளக்குற தெர்மிஸ்டர், பெல்ட், ஃபிலமென்ட்னு சொல்லுற பிளாஸ்டிக் இழைல 1.75 மிமீ பிஎல்ஏ ரகம் கறுப்பும் வெள்ளையும், இதெல்லாம் எப்பவும் கைல இருக்கணும். கலர் கலரா வாங்கி அடுக்குனா தூசிதான் பிடிக்கும்.

மெஷின் ரெண்டு போதும், ரெண்டும் ஒரே மாடலா. ஒண்ணு மக்கர் பண்ணா மத்ததுல இருந்து பார்ட்ட கழட்டி மாட்டிப் பாத்து எது கோளாறுன்னு பிடிச்சிரலாம்.

அன்னாடக் காசு வர்றது உடைஞ்ச சாமான்லதான். ஃபேன் ரெகுலேட்டர் குமிழ் உடைஞ்சி ஒரு அண்ணாச்சி கொண்டு வாராருன்னு வைங்க. தண்டு ‘டி’ வடிவத்துல இருக்கும், வெர்னியர் அளவுகோல் வச்சி அளந்தா 6 மிமீ வரும், ஓட்டைய 6.2 போடுங்க, சரியா 6 போட்டா உள்ளயே போகாது. ஓரச் சுவர் நாலு சுத்து வேணும், இல்லன்னா திருகுற வேகத்துல பிளந்துரும். மிக்சி கப்ளர் கேட்டா மட்டும் பிஎல்ஏல போட்டுக் குடுக்காதீங்க, 60 டிகிரி கிட்ட வந்தாலே அது இளகிரும், சட்னி அரைக்கும்போது பிச்சிக்கிட்டு வரும்.

ரேட்டு கிராம் கணக்குல சொன்னா நட்டம்தான். கிலோ ஆயிரம் ரூபா ரோல்ல 20 கிராம் குமிழுக்கு பிளாஸ்டிக் இருவது ரூபாதான் ஆகும், அளந்து வரைஞ்சதுக்கும் மெஷின் ஓடுனதுக்கும் யாரு குடுப்பா? டிசைனுக்குத் தனி, மணிக்கு இவ்வளவுன்னு தனி, செவுத்துலயே எழுதிப் போட்டுருங்க.

ஐப்பசி கார்த்திகை அடைமழைல ஃபிலமென்ட் ஈரத்தக் குடிச்சிட்டு நாசில்ல படபடன்னு வெடிக்கும், நூல் நூலா இழுக்கும். நல்லா மூடுற டப்பால சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஏற்கனவே ஈரம் ஏறுன பிஎல்ஏவ 45 டிகிரில ஒரு ஆறு மணி நேரம் காய வைக்கணும், பிஇடிஜிங்கிற பிளாஸ்டிக்னா 65. ஆனி ஆடில வேற தொல்லை, செங்கோட்டைப் பக்கமிருந்து அடிக்கிற காத்துல ஏபிஎஸ் பிளாஸ்டிக்ல போடுற பீஸோட மூலை தூக்கிரும், ஜன்னல மூடி மெஷினுக்கு ஒரு பெட்டி கட்டிருங்க. மாசாந்திர பராமரிப்பு மின்தடைன்னு அறிவிச்சிருந்தா அன்னைக்கு பெரிய பிரிண்ட் ஏத்தாதீங்க, கரண்ட் வந்ததும் விட்ட இடத்துல இருந்து ஓடும்னு கம்பெனிக்காரன் சொல்லுவான், அதுக்குள்ள பீஸ் ஒட்டியிருக்குற சூட்டுத் தட்டு, அதான் பெட், ஆறி பீஸ் கழண்டு கிடக்கும்.

காலேஜ் பயலுவளுக்கு மாசச் சந்தா வச்சிக்கலாம், ஆனா நாசில் மாத்தவும் பெட் லெவல் பண்ணவும் உங்க முன்னாடி ஒருதடவை செஞ்சி காட்டுனவனுக்குத்தான் மெஷின விடணும். பின்னால லேசர் கட்டர் வாங்குனா, ரெக்சின் வெட்டித் தாங்கன்னு கட்டாயம் வருவாங்க, அதுல பெரும்பாலும் பிவிசி இருக்கும், சுட்டா வர்ற அமிலப் புகை நெஞ்சுக்கும் கேடு, லென்சையும் மெஷின் தலை ஓடுற தண்டவாளத்தையும் அரிச்சிரும், எவ்வளவு பழக்கமானவங்கன்னாலும் முடியாதுன்னு சொல்லி அனுப்பிருங்க.