மௌஸைப் பிடுங்காதீர்கள்

செங்கோட்டையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தி, பிறகு மெஷின்களை ஓரங்கட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் வைத்தவள் நான். வீட்டுப் பெரியவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரப் போகிறீர்களா? சுவிட்சைப் போடுவதற்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: "இதுக்கு முன்னாடி தொட்டப்போ என்ன ஆச்சு?"

பழகப் பழகப் பயம் தெளியும் என்பார்கள். பாதிதான் உண்மை. மரக்கடைக் கணக்குப்பிள்ளை ஒருவர் ஆறு வருஷம் கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர். ஒருநாள் கரண்ட் போய், ஒரு மாதக் கணக்கு காணாமல் போனது. இன்றைக்கும் மௌஸைத் தொட்டால் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். ஆரியங்காவு எஸ்டேட்டிலிருந்து வந்த பெண்ணோ, கேரளப் பள்ளியில் லினக்ஸ் என்கிற வேறு இயங்குதளத்தில் பாடம் படித்தவள். விண்டோஸைப் பார்த்ததே இல்லை. உட்கார்ந்த கையோடு எல்லாவற்றையும் திறந்து திறந்து மூடினாள்.

கணக்குப்பிள்ளை மாதிரி ஆட்களுக்கு முதல் பாடம், அழித்துப் பார்ப்பது. பத்து வரி அடிக்கச் சொல்லுங்கள். கண்ட்ரோல் ஏ, அப்புறம் டெலீட். திரை வெறுமையானதும் முகம் வெளுக்கும். கண்ட்ரோல் இசட் அழுத்தச் சொல்லுங்கள், அழிந்தது திரும்பி வரும். இதைப் பத்துத் தடவை செய்யட்டும். அடுத்து ஃபைலையே அழித்து, ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்கட்டும். பென் டிரைவில் நகல் எடுப்பதை அதற்கப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர்களின் சிக்கல் வேறு. காகிதத்தில் விழுந்த தப்பு விழுந்ததுதான் என்று பழகிய கை அது. அதோடு சுத்தியல் மாதிரி அடிப்பார்கள். விசையை அழுத்திப் பிடித்தால் 'ககககக' என்று ஓடும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் மெஷினைக் கெடுத்துவிட்டோம் என்று எழுந்துவிடுவார்கள். தமிழ்99 நல்ல விசைப்பலகைதான், ஆனால் இவர்களுக்கு அதை முதல் நாளே நீட்டாதீர்கள். என்.எச்.எம். ரைட்டர் என்கிற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் முறை இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் விரல் தானாக ஓடும், முதுகு நிமிரும்.

மௌஸ் பழக சாலிட்டேர் போதும். 1990இல் விண்டோஸ் 3.0உடன் வந்த சீட்டாட்டம். சீட்டைப் பிடித்து இழுத்து விடுவதிலேயே கை படிந்துவிடும். கல்யாண வீட்டில் விடிய விடிய ரம்மி போட்டவர்களுக்குப் பாடம் நடத்தவே வேண்டாம்.

பேரனை வைத்து மட்டும் செய்துகாட்டாதீர்கள். 'என்னால் முடியும்' என்கிற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பந்துரா 1977இல் எழுதினார். தானே செய்து ஜெயிப்பதுதான் அதில் வலுவானது. அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. பேரன் பாட்டியைப் போன்றவனா? எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிடுங்கள்.

உங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். நான் கட்டவில்லை. அத்தைக்கு, என் மாமியாருக்குத்தான், சொல்லித்தரும்போது அவசரத்தில் "தள்ளுங்க, நான் பண்றேன்" என்று மௌஸைப் பிடுங்கிவிட்டேன். இரண்டு மாதம் அந்த அறைப் பக்கமே வரவில்லை.

அவரைத் திரும்ப வரவைத்தது கொல்லம் டிக்கெட். 1956 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரில் இருந்தது. பாதிச் சொந்தம் மலைக்கு அந்தப் பக்கம். மகளைப் பார்க்கப் போக ரயில் தேடுகிறேன் என்று அவராகவே உட்கார்ந்தார். ஆக, எதைச் சொல்லித்தருவது என்பதை அவரவர் தேவையிடம் விட்டுவிடுங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி பீரோவில் வைக்கட்டும். மறந்துபோய் மூன்று தடவை தப்பாக அடித்து நடுங்குவதைவிட அது மேல்.

போன மாதம் அத்தை தேதி மாற்றி டிக்கெட் போட்டுவிட்டார். நான் பதறி எழுந்தேன். அவர் திரையை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

"கேன்சல் பண்ணுனா கழிச்சது போக மிச்சம் வந்துரும்லா? நீ இரி."